எடைத் தட்டில் வலசைப் பறவை

வலையில் சிக்கிய பறவையைப் பையிலிருந்து எடுத்துக் காலில் வளையம் மாட்டுகிறார்கள். இறக்கையை அளந்து எடை பார்க்கிறார்கள். கழுத்தடி இறகுகளை ஊதி விலக்கி, தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பைப் பார்த்து ஓர் எண்ணைக் குறிக்கிறார்கள். சில வளையமிடும் நிலையங்களில் ஒரு துளி இரத்தமும் எடுப்பார்கள். சில நிமிடங்களில் பறவை விடுதலையாகிவிடும். வலசைப் பறவைகளின் உடல்நிலையையும் நோயெதிர்ப்பாற்றலையும் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி இப்படித் திரட்டியதுதான். இந்த முறைக்குத் தகுதிக்கு மீறிய புகழும் கிடைக்கிறது, தகுதிக்கு மீறிய பழியும் கிடைக்கிறது என்பது என் எண்ணம்.

எடையின் பக்கம் வலுவான சான்று அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இருக்கிறது. ஆர்க்டிக்குக்குப் போகும் வழியில் ரெட் நாட் என்னும் உள்ளான் இனம் அங்கே இறங்கி, குதிரைலாட நண்டுகளின் முட்டைகளைத் தின்று தன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். நண்டுகளை மிகையாகப் பிடித்ததால் முட்டைகள் அருகின. புறப்படும் நேரத்தில் பறவைகள் மெலிந்திருந்ததையும், கனமாக இருந்தவையே கூடுதலாக உயிர் பிழைத்ததையும் வளையமிட்டவர்களின் எடைக் குறிப்புகள் காட்டின. 2004இல் வெளியான அந்த ஆய்வு, தராசு எவ்வளவு பெரிய வேலையைச் செய்யும் என்பதற்குச் சாட்சி. பறவையைச் சுட்டுக் கொழுப்பைப் பிரித்தெடுத்து அளந்த காலத்தை நினைத்தால், உயிருக்கு ஊறில்லாத இந்த முறையின் அருமை இன்னும் விளங்கும்.

ஆனால் கொழுப்பு எரிபொருள், உடல்நலம் வேறு. அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை 11,000 கிலோமீட்டருக்கு மேல் இறங்காமல் பறக்கும் பட்டைவால் மூக்கன், புறப்படும்போது உடல் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பைச் சுமக்கிறது. அதே வேளையில் அதன் செரிமான உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. கிராம் கணக்கு ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு இந்த உள் மாற்றம் தெரியாது. இறக்கை நீளத்துக்கு எதிர்பார்க்கும் எடையையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு ‘உடல்நிலை’ என்று பெயரிடும் கணக்கில் போலி முடிவுகள் பிறக்கும் என்று சூழலியலாளர் ஆண்டி கிரீன் 2001இலேயே எச்சரித்தார். அந்தக் கணக்கு இன்றும் தாராளமாகப் புழங்குகிறது.

இரத்தத் துளிக்கு வந்தால் சிக்கல் கூடுகிறது. மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து லூசியானா கரையில் இறங்கிய பூங்குருவிகளில், மெலிந்தவற்றுக்கு வெள்ளணுக்கள் குறைவாக இருந்தன. பறத்தல் உடலின் காவலைத் தின்றுவிடுகிறது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் 2007இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், ரெட் நாட்களுக்குத் தடுப்பூசி போட்டுக் காற்றுச் சுரங்கத்தில் நெடுநேரம் பறக்கவிட்டபோது, பறக்காதவற்றுக்கும் அவற்றுக்கும் எதிர்ப்பாற்றலில் வேறுபாடு தெரியவில்லை. அப்படியானால் லூசியானாவின் பறவைகள் பறந்ததால் நலிந்தனவா, முன்பே நோயுற்றிருந்ததால் மெலிந்தனவா? ஒருமுறை எடுத்த இரத்தம் இதற்குப் பதில் சொல்லாது. வெள்ளணுக்கள் மிகுந்திருந்தால் அது வலிமையாகவும் இருக்கலாம், அந்த நேரத்துத் தொற்றாகவும் இருக்கலாம். பையில் காத்திருந்த பதற்றமும் எண்ணிக்கையை மாற்றிவிடும்.

நோய்க்கும் பயணத்துக்கும் உள்ள உறவிலும் இதே குழப்பம்தான். நெதர்லாந்தில் வீரியம் குறைந்த பறவைக் காய்ச்சல் கிருமி தொற்றிய பெவிக் அன்னங்கள் மெதுவாக மேய்ந்தன, தாமதமாகக் கிளம்பின, குறைந்த தொலைவே சென்றன. சுவீடனின் ஓட்டன்பி நிலையத்தில் அதே வகைக் கிருமி கண்ட மல்லார்டு வாத்துகள் சற்று எடை குறைந்திருந்தும் பயணத்தில் பின்தங்கவில்லை. ஓர் இனத்தின் முடிவை எல்லா வலசைப் பறவைகளுக்கும் நீட்டுபவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு: வலைக்கு வருவதெல்லாம் வழியில் பிழைத்தவை, அதிலும் இறங்கத் தேவைப்பட்டவை. கடலில் விழுந்ததும், கொழுத்துத் தலைக்கு மேலே கடந்துபோனதும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற வழிகாட்டியது ஜெர்மனியின் ஹெல்கோலாந்துத் தீவு. வழியில் அங்கே இறங்கிய வீட்டியர் பறவைகளைச் சில நாள் கூண்டில் வைத்து, அதே பறவையிடம் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். உள்ளார்ந்த நோயெதிர்ப்பு விரைவாக உயர்ந்திருந்தது. தங்குமிடம் எரிபொருள் நிரப்பும் இடம் மட்டுமன்று, உடல் தன் காவலைச் சீர்செய்யும் இடமும்கூட என்பதை 2020இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. கூண்டு இயற்கைச் சூழல் ஆகாது என்ற மறுப்பு நியாயமானதுதான். இருந்தாலும் ஒரே பறவையை இரண்டு முறை பார்த்ததில் கிடைத்த தெளிவை, ஒரே ஒருமுறை பார்த்த ஆயிரம் பறவைகள் தந்திருக்க மாட்டா.

இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய பெரிய வளையமிடும் திட்டத்துக்குத் தூண்டுகோலே நோய் அச்சம்தான். 1957இல் கர்நாடகத்தில் வெளிப்பட்ட கியாசனூர் காட்டு நோயின் கிருமியை வலசைப் பறவைகளின் உண்ணிகள் சுமந்து வந்திருக்குமோ என்ற ஐயம் பறவையியலாளர் சாலிம் அலியின் குழுவைக் களத்துக்கு இழுத்தது. பறவை நமக்கு என்ன கொண்டுவருகிறது என்பதே அன்றைய கேள்வி. பறவைக்கு என்ன நேர்கிறது என்று கேட்க ஏற்ற இடம் தமிழ்நாட்டின் கோடியக்கரை. கொசு உள்ளான் போன்றவை அங்கே வழிப்போக்கர்களாக மட்டும் வருவதில்லை. குளிர்காலம் முழுதும் தங்குகின்றன. வந்து இறங்கிய வாரத்தில் பிடித்த பறவையை நடுக்குளிர்காலத்திலும் புறப்பாட்டுக்கு முன்பும் மீண்டும் பிடிக்க வாய்ப்புண்டு. புதிதாக எத்தனை வளையம் மாட்டினோம் என்ற கணக்கைவிட, பழைய வளையங்கள் எத்தனை முறை வலைக்குத் திரும்பின, அப்போதெல்லாம் எடையும் இரத்தமும் எப்படி மாறியிருந்தன என்ற ஏட்டுக்குத்தான் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும்.