விரல் அறியும் ஆழம்

துப்பாக்கிப் பிரியர்கள் குழலின் நேர்த்தியைப் பேசுவார்கள், வால்நட் மரக்கட்டையின் வரியைப் பேசுவார்கள், குறிபார்க்கும் கண்ணாடியின் தெளிவைப் பேசுவார்கள். பிரைமரைப் பற்றிப் பேசுகிறவர் குறைவு. தோட்டாவின் அடியில், பித்தளைக் குழிக்குள் மிளகு அளவில் உட்கார்ந்து, அடிபட்டதும் தோட்டாவுக்கு நெருப்பு மூட்டும் சின்னக் கிண்ணம் அது. விட்டம் சின்னதில் 4.4 மில்லிமீட்டர், பெரியதில் 5.3. அதைக் குழியில் சரியாக உட்கார வைப்பதை ஒரு கைக்கலையாகவே நான் ரசிக்கிறேன்.

எங்கள் கருக்களாச்சேரி வலையும் படகும் உள்ள ஊர். இங்கே துப்பாக்கிக்கு வேலையில்லை. ஆனால் இந்தக் கலை எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையே போதும். காரைக்காலைத் தாண்டி வடக்கே போனால் தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டை அங்கே இருக்கிறது. அந்தக் காலத்துப் பீரங்கியின் பின்பக்கத்தில் மேலே ஒரு துளை இருக்கும். துளையில் பொடிமருந்தைக் கொட்டி, கனலும் திரியால் தொட வேண்டும். மழை பெய்தாலோ அலைச்சாரல் அடித்தாலோ அந்தப் பொடி நமத்துவிடும். குண்டும் மருந்தும் உள்ளே தயாராக இருந்தாலும் பீரங்கி ஊமைதான்.

நெருப்பை வெளியிலிருந்து கொண்டுவராமல், அடித்தாலே பிறக்கச் செய்யலாம் என்று காட்டியவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சித். பறவை வேட்டைக்காரரான அவருக்குச் சக்கிமுக்கித் துப்பாக்கியோடு தீராத சண்டை. கல் உரசிய பளிச்சில் பறவை மிரண்டு பறந்த பிறகுதான் குண்டு கிளம்பும். அடிபட்டால் வெடிக்கும் மருந்தை வைத்து அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த மருந்து ‘கேப்பு’ எனப்படும் செம்புத் தொப்பிக்குள் போனது. 1857 என்றதும் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவில் பூசிய கொழுப்பு நினைவுக்கு வரும். அதே துப்பாக்கி அந்தச் செம்புக் கேப்பால்தான் வெடித்தது என்பது பலருக்குத் தோன்றாது.

1860களில் கேப்பு தோட்டாவுக்குள்ளேயே நிலையாகக் குடிபுகுந்து பிரைமரானது. அமெரிக்கர் ஹைரம் பெர்டன் ஒரு வடிவம் செய்தார், ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸர் இன்னொன்று செய்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கரின் வடிவம் ஐரோப்பாவில் வேரூன்றியது, ஆங்கிலேயரின் வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது. பாக்ஸர் பிரைமரில் அடியைத் தாங்கும் பட்டடை கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும், தோட்டா உறையின் நடுவில் ஒரே துளை. பழைய பிரைமரை ஓர் ஊசியால் தள்ளிவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். வீட்டு மேசையில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் செழித்ததற்கு இது பெரிய காரணம்.

தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் அடித்தவர்களுக்கு இதன் இயக்கம் தெரியும். மருந்து வெடிக்கச் சுத்தியல் மட்டும் போதாது. கீழே கல் வேண்டும், இரண்டுக்கும் நடுவே மருந்து நசுங்க வேண்டும். பிரைமரில் சுத்தியல் என்பது துப்பாக்கியின் ஊசி, கல் என்பது அந்தக் குட்டிப் பட்டடை. பட்டடையின் கால்கள் குழியின் தரையில் ஊன்றியிருந்தால்தான் அடி மருந்தில் இறங்கும். ஊன்றாமல் பிரைமர் மேலே நின்றால், ஊசியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். ‘டிக்’ என்ற சத்தத்தோடு சரி. அதே தோட்டாவை இன்னொரு முறை அடித்தால் வெடிக்கும், ஏனென்றால் முதல் அடி அதை உட்கார வைத்துவிட்டது! முதலடிக்கு மௌனம், இரண்டாம் அடிக்கு வெடி என்றால் அனுபவசாலிகள் முதலில் சந்தேகப்படுவது மருந்தை அல்ல, பிரைமரை வைத்த கையைத்தான்.

மேலே நிற்பதில் வேறோர் ஆபத்தும் உண்டு. இரண்டாம் உலகப்போரின் கேரண்ட் ரைஃபிள் போன்றவற்றில் ஊசியைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது. துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர், அறை மூடும்போதே, விசையைத் தொடாமலே வெடித்துவிடலாம். சரி, அழுத்தித் தள்ளிவிடலாமே என்றால், அளவு மீறினால் உள்ளே இருக்கும் மருந்துவில்லை விரிசல் விடும். ஆகவே உறையின் அடித்தளத்துக்குச் சற்றே கீழே, சுமார் 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில் அது அமர வேண்டும். ரசனைக்கு இடம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதை அளப்பது பெரும்பாலும் விரல். தோட்டா நிரப்பும் பெரிய நெம்புகோல் அச்சில் பலம் அதிகம், உணர்வு குறைவு. எதுவும் எதிர்க்கிற மாதிரியே தெரியாது. அதனால்தான் துல்லியப் போட்டிக்காரர்கள் பலர் உள்ளங்கையில் அடங்கும் கைக்கருவியை விரும்புகிறார்கள். முதலில் பிரைமர் குழிவாயில் உரசும் மெல்லிய இறுக்கம். அடுத்து வழுக்கிக்கொண்டு இறங்கும் சீரான ஓட்டம். கடைசியில் பட்டடையின் கால்கள் தரையைத் தொட்டதும் ஒரு திடமான நிறுத்தம். தேர்ந்த கை அந்த நிறுத்தத்துக்குமேல் இம்மியளவே அழுத்திவிட்டு விலகும். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே விழுந்தால், பலமுறை வெடித்துக் குழி தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்த உறைக்கு ஓய்வு. ராணுவ உறையென்றால் குழியின் விளிம்பு நசுக்கி இறுக்கப்பட்டிருக்கும். அதைச் சீவி எடுக்காமல் தள்ளினால் கிண்ணம் கோணும். தரையில் பழைய கரி படிந்திருந்தால் அந்தக் கரியே பிரைமரை மேலே தூக்கி நிறுத்தும். சோதனை எளிமையானது. விரல்நுனியை அடிப்பக்கத்தில் தடவிப் பார்ப்பார்கள். பிறகு சமதளக் கண்ணாடியில் நிற்க வைப்பார்கள். ஆடினால் ஏதோ துருத்துகிறது.

இப்படி நுணுக்கம் பார்க்காத கருவியும் பெயர் பெற்றதுண்டு. 1958இல் தொடங்கிய அமெரிக்காவின் லீ நிறுவனத்தின் புகழ்பெற்ற, தோட்டா நிரப்பும் சின்னப் பெட்டியில், பிரைமரைச் சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் இறக்க வேண்டும். அவ்வப்போது அது கையிலேயே வெடித்துத் திடுக்கிட வைத்ததும் அந்தப் பெட்டியின் புகழில் சேர்ந்தது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமரைத் தொடக்கூடாது என்ற விதி வெறும் சம்பிரதாயமல்ல.

மருந்தின் கதையில் எங்கள் ஊருக்கு உடனே புரியும் பகுதி ஒன்று உண்டு. பழைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது குழலுக்குள் உப்பாகப் படியும், ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும். உப்புக்காற்றில் எஞ்சின் போல்ட்டு என்னாகும் என்று கருக்களாச்சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால்தான் அந்நாள் சிப்பாய்கள் துப்பாக்கிக் குழலை வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். பின்னால் ஈய ஸ்டிஃப்னேட் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

நம் நாட்டில் இது வீட்டு மேசைக் கலை அல்ல. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். கடைப்பிடிக்க வேண்டிய சட்டமும்கூட. இங்கே பிரைமரை உட்கார வைப்பது புனே அருகே கட்கி போன்ற இடங்களின் தொழிற்சாலை இயந்திரங்கள். நம் துப்பாக்கி சுடும் வீரர்களின் கைக்கு வருவது ஆலைத் தோட்டாதான். புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இறங்கிய டிராப் போட்டியில், தகுதிச்சுற்றுக்கு மட்டும் 125 தட்டுகள் பறக்கும். கண், தோள், கால், மூச்சு எல்லாவற்றையும் வீரர் வருடக்கணக்கில் பழக்கலாம். ஆனால் விசையை இழுத்த பிறகு அவர் கையில் எதுவும் இல்லை. யாரோ ஒருவரோ ஓர் இயந்திரமோ எப்போதோ சரியாக அமர்த்திய அந்தக் கிண்ணத்தை நம்பித்தான் அவர் நிற்கிறார்.

நல்ல பிரைமர் வேலைக்குப் பாராட்டு வராது, அது கண்ணிலும் படாது. அதற்கு ஒரே அளவுகோல்தான்: முதல் அடியிலேயே வெடிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும்.