கண்ணாடியின் வயது

பெரிய தகட்டுக் காமிராக்களுக்கான பழைய லென்ஸுகளை விற்கிறவர்கள் எழுதும் விளம்பரங்களைக் கொஞ்ச காலமாக விடாமல் படித்து வருகிறேன். அதுவும் ஒருவகை விமரிசனந்தான். 'கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கிறது', 'வயதுக்கேற்ற சிறு குறைகள்', 'படத்தைப் பாதிக்காது' — மூன்று வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. நமது புத்தக மதிப்புரைகளைப் போலவே, எந்தச் சரக்குக்கும் பொருந்தும் என்பதால் எந்தச் சரக்கைப் பற்றியும் ஒன்றும் சொல்லாத வாக்கியங்கள். ஆனால் ஒருவன் பணத்தை எண்ணி வைப்பது இவற்றை நம்பித்தான். ஆகவே கொஞ்சம் உரைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

முதலில் பளபளப்பு. 1890களில் இங்கிலாந்தில், யார்க் நகரத்துக் குக் கம்பெனியைச் சேர்ந்த டென்னிஸ் டெய்லர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மேற்பரப்பு மங்கி நிறம் மாறிய பழைய லென்ஸ், புதியதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது! மேலே உண்டான மெல்லிய படலம் பிரதிபலிப்பைக் குறைத்ததுதான் காரணம். 1935ல் ஜைஸ் கம்பெனியின் ஸ்மகுலா காப்புரிமை பெற்ற பூச்சுமுறை, காலம் தானாகச் செய்ததை மனிதன் வேண்டுமென்றே செய்ததுதான். இந்த நீலச் சாயலை அழுக்கு என்று நினைத்து வேஷ்டித் தலைப்பால் அழுத்தித் தேய்க்கிற புண்ணியவான், லென்ஸுக்கு வயது தந்த ஒரே வரத்தையும் பறித்து, பதிலுக்கு நூறு மெல்லிய கீறல்களைக் கொடுக்கிறார்.

குமிழிகளைக் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. யேனா நகரத்து ஷாட் ஆலையில் 1880களில் பிறந்த புதுவகைக் கண்ணாடியில் குமிழி இல்லாமல் வார்ப்பது கஷ்டம். ஒன்றிரண்டு குமிழிகளைச் செய்தவர்களே குறையாக எண்ணவில்லை. முன்பக்கத்தில் ஒரே ஒரு ஆழமான கீறல் இருந்தாலும் குடி முழுகிவிடாது. அதில் கறுப்பு மையை நிரப்பிவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள் பழைய தொழிலாளிகள்.

பயப்பட வேண்டியவை வேறு. உட்புறத்தில் ஆவி படிந்த மாதிரி இருக்கும் மங்கல், வேர் விட்ட பூஞ்சக்காளான், ஒட்டு விட்டுப்போன கண்ணாடி, இவை மூன்றுந்தான். அந்நாளில் கண்ணாடிகளை ஒட்டியது கனடா பால்ஸம் என்ற மரப்பிசினால். 1892ல் எமில் ஃபான் ஹோயெக் கணக்கிட்ட, கோயர்ட்ஸ் கம்பெனியின் டாகோர் லென்ஸில் பக்கத்துக்கு மூன்று கண்ணாடிகள் இப்படி ஒட்டியிருக்கும். ஒட்டு விடும்போது விளிம்பில் எண்ணெய் மிதக்கும் தண்ணீரைப்போல வானவில் தெரியும். ஐரிஸை முழுக்கத் திறந்து பின்னாலிருந்து ஒரு டார்ச்சைச் சாய்த்து அடித்தால் இத்தனையும் வெளிப்பட்டுவிடும். பகல் வெளிச்சத்தில் பித்தளையை மின்ன வைத்து எடுத்த விளம்பரப் படத்தில் ஒன்றும் தெரியாது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு படம் கேட்டு, விற்பவர் மறுத்தால், அதுவே போதுமான பதில்.

இவர்களுக்கு எதிர்க்கட்சி ஒன்றும் இருக்கிறது. எல்லாக் குறையையும் 'ஆத்மா' என்று கும்பிடுகிற கட்சி. 1840ல் வியன்னாவில் பெட்ஸ்வால் கணக்கிட்டு, வாய்க்லாண்டர் செய்து கொடுத்த உருவப்பட லென்ஸ் இவர்களுடைய குலதெய்வம். நடுவில் முகம் கூர்மையாகவும், ஓரம் சுழன்றும் விழுவது அதன் பிறவிக் குணம். ஆனால் பின்பக்கத்து இரண்டு கண்ணாடிகளும் ஒட்டாதவை. துடைக்கக் கழற்றிய எவரோ ஒன்றைத் திருப்பி மாட்டியிருந்தால் படம் முழுவதுமே மசமசவென்று விழும். அதையும் கனவின் மென்மை என்று விற்றுவிடலாம், வாங்குகிறவர் இந்தக் கட்சியாக இருந்தால்.

ஜூலியா மார்கரெட் காமரூனை இவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். 1863ல், நாற்பத்தெட்டாவது வயதில், காமிராவைக் கையில் எடுத்த அந்த அம்மாளின் படங்கள் தெளிவாக இல்லையென்று அக்காலத்துப் போட்டோ பத்திரிகைகள் கரித்துக்கொட்டின. வாஸ்தவந்தான். ஆனால் அவரிடமிருந்த லென்ஸ் நோயாளி அல்ல. கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் திருகை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அந்த மங்கல் ஒரு மனுஷியின் தீர்மானம். காளான் தரும் மங்கல் யாருடைய தீர்மானம்?

தராதரம் பார்ப்பது என்றால் என் வரையில் இதைத்தான் சொல்வேன்: ஒரு குணம் செய்தவன் வைத்ததா, காலம் சேர்த்ததா, யாரோ கைப்பிசகாகக் கெடுத்ததா என்று பிரித்துச் சொல்வது. முதலாவதற்குத் தாராளமாகப் பணம் கொடுக்கலாம். இரண்டாவதை ஆராய்ந்து ஏற்கலாம். மூன்றாவதற்குக் கலை என்று பெயர் வைத்தால், சரியாகச் செய்தவனுக்கு நாம் என்ன மரியாதை மிச்சம் வைத்திருக்கிறோம்?