கஞ்சனின் வாதம்: ஜாஹிஸின் ‘கிதாபுல் புகலா’

கருமியைப் பற்றிய கதைகளுள் பெரும்பாலானவை அவனைப் பேசவிடுவதில்லை. பூட்டிய பெட்டி, கந்தலாடை, ஊரார் நகைப்பு என்பவற்றோடு அவை முடிந்துவிடும். பஸராவின் பேரறிஞர் அல்-ஜாஹிஸ் (மறைவு ஹிஜ்ரி 255) இயற்றிய ‘கிதாபுல் புகலா’ (கஞ்சர்களின் நூல்) இதற்கு மாறானது. அதில் வரும் கஞ்சர்கள் கற்றவர்கள், நாவன்மை மிக்கவர்கள். கலீஃபா மஃமூனின் அறிஞரவையைச் சேர்ந்த ஸஹ்ல் இப்னு ஹாரூன், தம் சிக்கனத்தைப் பழித்த உறவினருக்கு முன்னோர் வாழ்விலிருந்தே சான்று காட்டி விடையளிக்கிறார்.

நூலின் உச்சம் அல்-கிந்தியின் கடிதம். (இவர் தத்துவமேதை கிந்திதானா என்பதில் ஆய்வாளர் ஒருமனப்படவில்லை.) வீட்டைப் பலருக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் அவர். குடியிருந்த ஒருவரிடம் உறவினர் தம் மகனோடு விருந்தாக வந்து தங்கினார். ஆறு பேருக்கு 30 திர்ஹமாயின் எட்டுப் பேருக்கு 40 எனக் கிந்தி எழுதியனுப்பினார். காரணம் கேட்டபோது அடுக்கினார்: கழிவுக்குழி விரைவில் நிறையும், தளம் தேயும், படிகள் உடையும்.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் வாடகைக்கு இருந்தோர்க்கு இக்கடிதம் அந்நியமாகத் தோன்றாது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர் லாரிக்கும், கோடையில் தண்ணீர் லாரிக்கும் செலவாவது மெய்யே. 2019ஆம் ஆண்டின் வறட்சியில் அச்சுமை பெருகியது. ஆகவே, ‘விருந்தினர் எத்தனை நாள் தங்குவர்?’ என்று கேட்கும் உரிமையாளரின் கணக்கில் பிழையில்லை. கிந்தியின் கணக்கிலும் பிழையில்லை. உலோபம் ஒளிந்துகொள்ள மிகப் பாதுகாப்பான இடம் சரியான கணக்கே என்பதை ஜாஹிஸ் கண்டுகொண்டார்.

எனினும் நூலில் குறைகளும் உள. மர்வ் நகரத்தாரை ஓயாது எள்ளுவதால், மனித நஃப்ஸின் நோய் ஒரு வட்டாரத்தின் குணம்போல் ஆகிவிடுகிறது. அக்கால அரபு–பாரசீகப் பூசலின் நிழல் இது. மேலும், மகள் பிறந்தது முதல் அன்றாட மாவில் ஒரு பிடி எடுத்துவைத்து, அதை விற்று அவள் மணத்துக்கு அணிகலன் சேர்த்த மர்யம் என்னும் தாயும் இக்கூட்டத்திலேயே வைக்கப்படுகிறாள். பொதுக் காரியத்துக்கெனப் பிடியரிசி எடுத்துவைத்த நம் தாய்மாரை அறிந்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள். அவள் தன்னிடமிருந்து பிடித்தது பிறருக்காக. கிந்தி பிறரிடமிருந்து பிடித்தது தனக்காக.

சிக்கனத்துக்கும் உலோபத்துக்கும் இடையிலான இந்த எல்லையை ஜாஹிஸ் வரையவில்லை; சிரிப்போடு நின்றுவிடுகிறார். அதனை வரைந்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ‘இஹ்யா’வில் உலோபத்தைக் கண்டிக்கும் பகுதியில் அவர் இரு கடமைகளைப் பிரித்துக் காட்டுகிறார்: ஷரீஅத் விதிப்பது ஒன்று; முரூஅத் எனும் பெருந்தன்மை கோருவது மற்றொன்று. உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் விருந்திலும் அற்பப் பொருளுக்காகக் கறார் பேசுபவன் இரண்டாவதில் தவறியவனே.

ஜகாத்தைப் பைசா பிசகாமல் கொடுத்துவிட்டு, குடியிருப்பவரின் விருந்தாளிக்கு வாடகை கூட்டுபவர் நம்மிடையே உண்டு. அவரது முதற்கடன் தீர்ந்தது. இரண்டாவது நிலுவையில் நிற்கிறது.