பேய் எங்கே? முடிவு எங்கே?

பேயைக் கண்டு அஞ்சியவர் கதை பழையது. பேயைக் காணோமே என்று வெகுண்டவர் கதை புதியது! 2012ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் 'பீட்சா' என்றொரு படம் வெளிவந்தது. பார்த்துவிட்டு வந்தவர்களில் ஒரு சாரார், இரண்டு மணி நேரம் அச்சுறுத்திவிட்டு அத்தனையும் பொய் என்று சொல்லிவிட்டார்களே என முகம் சுளித்தனர். இன்னொரு சாரார் ஏமாந்ததை எண்ணிச் சிரித்தனர். நண்பர் ஏமாறுவதைப் பார்க்க வேண்டுமென்பதற்காகவே அவரை அழைத்துக்கொண்டு மீண்டும் போனவரும் உண்டு. நம் தோழர்கள் சிலரோ, பேய்ப்படம் என்று கேள்விப்பட்டதுமே கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

போகாத தோழர்கள் இழந்தது கொஞ்சமன்று.

ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபாயில் முடிந்த படம் அது. முன்னணி நடிகருக்குக் குடைபிடிப்பவர் கூட்டத்துக்கே அந்தத் தொகை போதுமோ என்று கேலி பேசப்படும் காலம் இது. இயக்குநர் கார்த்திக் சுப்பராஜுக்கு அது முதற்படம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் கை பழகியவர். விஜய் சேதுபதியும் அன்று பெரும்புகழ் பெற்றிருக்கவில்லை. இருண்ட மாளிகை ஒன்று, கைவிளக்கு ஒன்று, நடுங்கும் மனிதன் ஒருவன்! நெடுநேரம் திரையில் இருப்பவை இவையே. கோபி அமர்நாத்தின் ஒளிப்பதிவு காட்டியது சிறிது. காட்டாமல் மறைத்தது பெரிது. கையில் பணமில்லாத குறை அங்கே கலையாக மாறிற்று.

கதை இதுதான். கடையிலிருந்து வீடுகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாளி மைக்கேல். ஓரிரவு குருதி படிந்த உடையோடு கடைக்கு வந்து சேருகிறான். உணவு கொடுக்கப் போன மாளிகையில் கதவு அடைபட்டதாம், பிணம் கிடந்ததாம், பேய் திரிந்ததாம், காதலியையும் காணவில்லையாம். முதலாளி நம்புகிறார். உடன் உழைப்போர் நம்புகின்றனர். கொட்டகை முழுதும் நம்புகிறது. கடைசியிலன்றோ உண்மை தெரிகிறது! முதலாளி கொடுத்தனுப்பிய பொட்டலத்துக்குள் வைரங்கள் இருந்தன; அவற்றைத் தமதாக்கிக்கொள்ள மைக்கேலும் காதலியும் கூடிப் புனைந்ததே பேய்க்கதை. முதலாளி தம் மகளைப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி உள்ளூர நொந்துகொண்டிருந்தார். அந்தப் பேயின் பெயரையே எடுத்துத் தன் கதைக்குள் வைத்தான் மைக்கேல். கணக்கில் கண்ணாயிருந்த முதலாளி, கணப்பொழுதில் மெழுகாய் உருகினார்.

குறி சொல்பவனின் தொழில் இரகசியம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடவில்லையா? கேட்பவன் வீட்டில் என்ன துயர் என்று முன்பே அறிந்துகொள்வது. அதன் பெயரை மட்டும் மெல்ல உச்சரிப்பது. மிச்சத்தைக் கட்டி முடிக்க அவன் நெஞ்சே போதும். மேடை போட்டு நாம் மணிக்கணக்கில் விளக்கினாலும், கேட்பவன் அதை 'ஊரிலுள்ள ஏமாளிகளின் கதை' என்றே கேட்டுவிட்டுப் போவான். இந்தப் படமோ அவனையே ஏமாளியாக்கி உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறது. நம்பியது பக்கத்து வீட்டுப் பாட்டியன்று, படித்த இளைஞனாகிய நீயேதான் என்று கையும் களவுமாகப் பிடித்துக் காட்டுகிறது.

அதனால்தான் சினம்! அந்தச் சினத்தைச் சற்றே உற்றுப் பார்ப்போம். பார்த்தவன் வெகுண்டது பொய் சொன்னதற்கா? இல்லை. பொய் சொன்னதை ஒப்புக்கொண்டதற்கு. ஒப்புக்கொள்ளாமல் பேயை இறுதிவரை உலவவிட்டு, எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கொண்டு ஓட்டியிருந்தால், கொடுத்த காசு செரித்தது என்று வீடு போயிருப்பான். பொய்யைக் கடைசிவரை காப்பாற்றுபவனுக்குக் காணிக்கை. பொய்யென்று சொல்லிவிடுபவனுக்கு வசை! திரைக்கு வெளியிலும் இதே வழக்கந்தானே நடக்கிறது?

இதனைச் செஞ்சியிலிருந்து எழுதுகிறோம் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். எமக்கு அருகே இருப்பது மேல்மலையனூர். திங்கள்தோறும் அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் விழா. மாசித் திங்களில் மயானக் கொள்ளை. பேய் பிடித்தவர், சூனியம் வைக்கப்பட்டவர் என்று சொல்லப்படுவோரை உறவினர் கைப்பிடித்து இழுத்து வருகின்றனர். பெரும்பாலும் பெண்கள். தலைவிரித்து ஆடுகின்ற அந்தப் பெண்ணுக்கு வீட்டில் என்ன நேர்ந்தது, யார் அடித்தார், எதை விழுங்கிக்கொண்டு எத்தனை ஆண்டு இருந்தாள் என்று கேட்பார் எவருமில்லை. பேயின் பெயரைத்தான் கேட்கின்றனர். அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பும் இளைஞனே நம் ஊர்ப் படக்கொட்டகையிலும் உட்காருகிறான். அவன் பேய்ப்படத்தில் எதைத் தேடுவான் என்பதில் வியப்பென்ன?

பாழடைந்த கோட்டை என்றால் பேய் இருந்தே தீரவேண்டும் என்பது படமெடுப்போர் பழக்கிவிட்ட பாடம். எம் கோட்டையோ இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலை வளைத்து நிற்பது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே கைதிகளின் கிணறு என்றோர் இடமுண்டு. தண்டனை பெற்றவனை மேலிருந்து தள்ளி, சோறின்றி நீரின்றிச் சாகவிட்ட இடம் என்று வழிவழியாகச் சொல்கின்றனர். அதைச் சொல்லும்போது எவர்க்கும் மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது. ஆனால் தள்ளியது பேயா? முடி தரித்தவன்! அச்சத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்த கலைஞன், அந்தக் கிணற்றைக் காட்டினாலே போதும். வெள்ளைச் சேலையும் சலங்கை ஒலியும் வேண்டுவதில்லை.

'பீட்சா'வின் கடைசிக் காட்சியில் நமக்கு மனநிறைவு இல்லை. தன் பொய்யில் வென்ற மைக்கேல் வேறொரு வீட்டுக்கு உணவு கொண்டுபோகிறான். தான் புனைந்த கதையின் சாயல் அந்த வீட்டில் உயிர்பெற்று நிற்கிறது, கதவு அடைபடுகிறது. அச்சத்தை விற்றவன் அச்சத்துக்கே இரையானான் என்று இதற்கு நயம் கூறுவாருளர். நயம் நன்று. எனினும் எமக்குத் தோன்றுவது, பேயில்லை என்பாருக்கு ஒரு வாசலும் உண்டு என்பாருக்கு ஒரு வாசலும் திறந்துவைத்த வணிகரின் முன்னெச்சரிக்கையே. அந்த எச்சரிக்கை பலித்தது, படம் வென்றது, கன்னடத்திலும் இந்தியிலும் வங்கத்திலும் மறுபடி எடுக்கப்பட்டது. பின்னர்த் தமிழில் பேய்ப்படங்கள் வெள்ளமெனப் பாய்ந்தன. பொய்யைப் பொய்யென்று சொல்லும் துணிவு மட்டும் அந்த வெள்ளத்தில் அரிதாகவே மிதந்தது.

முன்னெச்சரிக்கை எதுவும் செய்யாத படம் பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்தது. பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கொட்டுக்காளி'. இவருடைய முதற்படமான 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. இரண்டாவதாகிய இது 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்டு 23ஆம் நாள் நம் கொட்டகைகளுக்கு வந்தது. இதைப் பேய்ப்படம் என்று யாரும் விளம்பரம் செய்யவில்லை. ஆயினும் இதைவிட அச்சமூட்டும் தமிழ்ப்படத்தை அண்மையில் நாம் கண்டதில்லை.

மீனா என்றொரு பெண். தாழ்த்தப்பட்ட சாதி இளைஞனை விரும்பினாள். விரும்பியதால் வாய் மூடினாள். வாய் மூடியதால் அவளைப் பேய் பிடித்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று! மணம் பேசி வைத்திருக்கும் மாமன் பாண்டியும் உறவினரும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பேயோட்டும் சாமியாரிடம் போகின்றனர். பலிக்கென ஒரு சேவலும் கூடப் போகிறது. சேவலின் கால் கட்டப்பட்டிருக்கிறது. பெண்ணின் கால் கட்டப்படவில்லை. இருவர் நிலையும் ஒன்றே. படத்தில் பின்னணி இசை இல்லை. வண்டியின் இரைச்சலும் காற்றும் ஆடவரின் அதட்டலுமே ஒலிகள். பாண்டியாகச் சூரி, மீனாவாக அன்னா பென். வழியில் ஒலிக்கும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுக்கிறாள். அவ்வளவுக்கே அவன் வெறிகொண்டு, அவளை மட்டுமின்றித் தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். பேய் பிடித்திருப்பது யாரை என்று அந்த நேரத்தில் தெரிந்துவிடுகிறது. வசனம் ஒன்றும் அதைச் சொல்லவில்லை.

இறுதியில் சாமியார் இடத்தை அடைகின்றனர். முன்னே வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டப்படுகிறது. பேயோட்டுவதாகச் சொல்லி அவள் உடலில் அவன் கை போகும் இடங்களைப் பாண்டி பார்க்கிறான். அடுத்தது மீனாவின் முறை. பாண்டி என்ன செய்வான்? படம் முடிந்துவிடுகிறது.

கொட்டகையில் எழுந்த கூச்சல் இப்போது வேறு. பேய் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. முடிவு எங்கே என்றனர். பாதிப் படத்தைக் காட்டி முழுக் காசு வாங்கினார்கள் என்றனர். இத்தகைய படத்தைப் பொதுமக்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்திருக்கலாகாது என்று திரைத்துறையைச் சேர்ந்த ஒருவரே மேடையில் பேசினார். விழாக்களுக்கும் வீட்டுத் திரைக்கும் உரியது, ஊர்க் கொட்டகைக்கு உரியதன்று என்பது அவர் கருத்துப்போலும். அதனை நாம் ஏற்கவில்லை. மேல்மலையனூருக்குப் பேருந்து ஏறும் குடும்பத்துக்கு இப்படம் வேண்டாமாம். பெர்லினில் இருப்பவர் பார்த்தால் போதுமாம்! யாருடைய பெண்ணைப் பற்றிய படம் இது?

அதே 2024இல், மே திங்களில், 'அரண்மனை' வரிசையின் நான்காம் படம் பெருவெற்றி கண்டது. அங்கே பேய்க்கும் பஞ்சமில்லை, முடிவுக்கும் பஞ்சமில்லை. அம்மன் விழா நடக்கிறது, ஆட்டம் நடக்கிறது, தீயது ஒழிகிறது. பார்த்தவன் நிம்மதியாக எழுகிறான். அந்த நிம்மதிக்குத்தான் அவன் காசு கொடுத்தான். 'கொட்டுக்காளி' அந்த நிம்மதியைத் தர மறுத்துவிட்டது. அந்த மறுப்பே அதன் பெருமை என்போம்.

முடிவு கேட்டு முணுமுணுத்தவருள் நம் தோழர்களும் இருந்தனர். அதுதான் எம்மை இதை எழுதத் தூண்டிற்று. சாமியாரைக் கண்டித்து ஒரு சொல்கூட இல்லையே, பாண்டி அவனை ஓங்கி அறைந்திருக்க வேண்டாமா என்று செஞ்சித் தோழர் ஒருவர் எம்மிடம் வெதும்பினார். அவர் வேண்டுவது என்ன என்று நமக்குத் தெரியும். 1952இல் 'பராசக்தி' வந்தது. கோயிலுக்குள் கல்யாணியைப் பூசாரி பலவந்தம் செய்ய முயன்றான், குணசேகரன் நியாயமன்றில் நின்று முழங்கினான், கொட்டகைகள் அதிர்ந்தன. மு. கருணாநிதியின் உரையாடல் அன்று செய்த வேலையை எவர் மறுப்பார்? பேசவே கூடாதென்று இருந்ததைப் பேசிக் காட்டிற்று. ஆனால் எழுபது ஆண்டுக்குமேல் ஆகியும், குணசேகரன் வந்து சொன்னால்தான் குற்றம் குற்றமென்று தெரியும் என்றால், கைதட்டக் கற்றோமே தவிர வேறென்ன கற்றோம்? அதே குற்றம் இங்கே அமைதியாக நடக்கிறது. பாண்டியின் கண் அதைப் பார்க்கிறது. நியாயமன்றம் பார்ப்பவனின் நெஞ்சில் கூட வேண்டும் என்று இயக்குநர் விட்டுவிட்டார். பாண்டி அறைந்திருந்தால் நாம் கைதட்டிவிட்டு எழுந்திருப்போம், மீனாவை மறந்திருப்போம். மேலும், சாமியாரை அறைந்த கையும் மீனாவை அடித்த கையும் ஒரே கைதானே!

இப்படி மக்கள் முகஞ்சுளித்த படம் தமிழுக்குப் புதிதன்று. எஸ். பாலச்சந்தர் 1954இல் ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய 'அந்த நாள்' பாட்டு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் வந்தது. சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு வீழ்கிறார். அதைப் பொறாமல் எழுந்து போனவர் உண்டு என்று படிக்கிறோம். வசூல் அன்று பெரிதாக இல்லை. இன்று தமிழ்ப்பட வரலாறு எழுதுவோர் அதைத் தவிர்த்து எழுதுவதில்லை. 'கொட்டுக்காளி'யும் அவ்வாறே காலம் கடந்து வெல்லும் என்று சோதிடம் சொல்ல நாம் வரவில்லை. சோதிடம் நமக்கு ஆகாது. காலம் போற்றும்வரை காத்திருக்கும் வசதி மீனாக்களுக்கு இல்லை என்பதையே சொல்கிறோம்.

செஞ்சி வட்டாரத் தோழர்களுக்கு ஒன்று. மயானக் கொள்ளைக்கு முந்திய கிழமையில், ஊர்ப்பொது இடத்தில் திரை கட்டி, உரிமையாளரிடம் முறைப்படி இசைவு பெற்று, இந்தப் படத்தைக் காட்டுங்கள். பெண்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். படம் முடிந்ததும் நம் பேச்சாளர் எவரையும் மேடையேற்ற வேண்டாம். பாண்டி அடுத்து என்ன செய்வான் என்று பார்த்தவர்களைக் கேளுங்கள். மீனா என்ன செய்ய வேண்டும் என்று முன்வரிசையைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி எமக்கு அனுப்பினால், வெட்டாமல் திருத்தாமல் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.