யார் யாரை வெளியேற்ற முடியும்?

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஜனாதிபதி, அவருக்குக் குறிப்பிடத்தக்க அதிகாரங்கள், நாடாளுமன்றத்தின் நம்பிக்கையில் நிலைக்கும் பிரதமரும் அமைச்சரவையும். இம்மூன்றும் கூடியிருந்தால் அது அரை ஜனாதிபதி முறை என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவெர்ஜே 1980இல் வெளியான கட்டுரையில் வரையறுத்தார். அமெரிக்க வகை, பிரித்தானிய வகை என்ற இரண்டுக்குள் அதுவரை உலகையே அடக்கிவந்தவர்களுக்கு, இரண்டிலும் பொருந்தாத பிரான்சைப் பேச அது வழிசெய்தது. நாடுகளை அருகருகே வைத்துப் பார்க்க ஒரு பொது அளவுகோல் வேண்டும். அந்த வகையில் அது பெரிய உதவி.

ஆனால் அந்த வரையறையின்படி பிரான்சும் இலங்கையும் ஒரே இனம். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

1986இல் பிரான்சின் நாடாளுமன்றத் தேர்தலில் வலதுசாரிகள் வென்றார்கள். சோசலிஸ்ட் ஜனாதிபதி மித்தரான் எதிரணித் தலைவர் ஷிராக்கைப் பிரதமராக்கினார். தனியார்மயமாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட மித்தரான் மறுத்தார். ஷிராக் அதையே நாடாளுமன்றத்தின் வழியாகச் சட்டமாக்கினார். மோதல் இருந்தது, ஆனால் பிரதமரைத் தன் விருப்பப்படி நீக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு ஜனாதிபதிக்குத் தரவில்லை.

இலங்கையிலும் 2001 டிசம்பரில் இதே நிலை வந்தது. ஜனாதிபதி சந்திரிகா ஒரு கட்சி, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க எதிர்க்கட்சி. விடுதலைப் புலிகளோடு பேசியது பிரதமரின் அரசாங்கம்; முப்படைகளின் தளபதி ஜனாதிபதி. 2003 நவம்பரில் ரணில் வாஷிங்டனில் இருந்தபோது பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் சந்திரிகா தன்வசம் எடுத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தையே கலைத்தார். ஜே.ஆர். ஜெயவர்தன 1978இல் கொண்டுவந்த அரசியலமைப்பின்படி இவை எல்லாமே ஜனாதிபதிக்கு முடிந்தவை: அமைச்சுகளைப் பிரித்துக் கொடுக்கலாம், பிரதமரை நீக்கலாம், பொதுத்தேர்தல் முடிந்து ஓராண்டு கழிந்தால் சபையைக் கலைக்கலாம். சமாதானப் பேச்சின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு அரசின் முழு அதிகாரம் கையில் இல்லை. அதற்கான விலையை வடக்கும் கிழக்கும் கொடுத்தன.

துவெர்ஜேயின் வகைப்பாடு ஜனாதிபதி எப்படி வருகிறார் என்று கேட்கிறது. பிரதமரை ஜனாதிபதியும் வெளியேற்றலாமா என்று கேட்பதில்லை. ஆஸ்திரியா, அயர்லாந்து, ஐஸ்லாந்து ஆகியவற்றின் ஜனாதிபதிகள் நேரடித் தேர்தலில் வந்தாலும் நடைமுறையில் பெயரளவுத் தலைவர்களே. அவர்களும் அதே வகைக்குள் வந்துவிடுகிறார்கள். 1992இல் ஷுகார்ட், கேரி என்ற இரு அரசியல் அறிஞர்கள் வெளியேற்றும் அதிகாரம் பற்றிய ஓட்டையை அடைத்தார்கள். பிரதமரும் அமைச்சரவையும் நாடாளுமன்றத்துக்கு மட்டும் கட்டுப்பட்டவர்களா, ஜனாதிபதிக்கும் கட்டுப்பட்டவர்களா என்பதை வைத்து வகையை இரண்டாகப் பிளந்தார்கள். என் பார்வையில் அரசியல் வகைப்பாட்டில் மிகவும் பயனுள்ள கோடு இதுதான்.

அதைக் கையில் எடுத்தால், இலங்கை என்ற ஒரு நாட்டுக்கு ஒரே பெயர் போதாது என்பதும் புரிகிறது. 2015இன் 19ஆவது திருத்தம் பிரதமரை நீக்கும் அதிகாரத்தை ஜனாதிபதியிடமிருந்து எடுத்தது. நாலரை ஆண்டுக்கு முன் சபையைக் கலைக்க வேண்டுமானால் சபையே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு கேட்க வேண்டும் என்றது. அதனால்தான் 2018இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலை நீக்கி, மகிந்த ராஜபக்சவை அமர்த்தி, சபையையும் கலைத்தபோது, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பைச் செல்லாததாக்கினார்கள். 2004இல் சட்டப்படி முடிந்தது, 2018இல் முடியவில்லை. 2020இன் 20ஆவது திருத்தம் மீண்டும் ஜனாதிபதி பக்கம் சாய்ந்தது. நாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதாத எந்த அட்டவணையையும் நான் நம்பத் தயங்குவேன்.

ஒற்றையாட்சி, கூட்டாட்சி என்ற இன்னொரு பிரிவிலும் இதே குறை உண்டு. பிரித்தானியாவும் ஒற்றையாட்சி, இலங்கையும் ஒற்றையாட்சி. ஆனால் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் காவல்துறை அதிகாரம் இருக்கிறது. இலங்கையிலோ 1987இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கு எழுதிவைத்த காவல், காணி அதிகாரங்கள் நடைமுறைக்கே வரவில்லை. வட மாகாண சபைக்கு 2013இல் முதல் தேர்தல் நடந்து, 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமித்த ஆளுநரே மாகாணத்தை நடத்துகிறார்.