குடுவைக்கு ஏற்ற திரி

கண்ணாடிக் குடுவையில் வரும் வாசனை மெழுகுவத்தியைக் கடையில் எல்லோரும் முதலில் முகர்ந்து பார்ப்பார்கள். நான் குடுவையைத்தான் பார்ப்பேன். கனத்த அடி, நேராக ஏறும் சுவர், குறுகாத வாய். இவை அமைந்த குடுவையில் மெழுகு தீர்ந்தாலும் மறுபடி மறுபடி வார்க்கலாம். நம் வீடுகளில் விளக்கு தங்கும், எண்ணெயும் திரியும்தான் மாறும். மெழுகுக் குடுவைக்கும் அந்த மரியாதை உண்டு என்பது என் கட்சி.

தனித்து நிற்கும் மெழுகுவத்தி தனக்கு வேண்டிய கிண்ணத்தைத் தானே குழித்துக்கொள்கிறது. சுடரை நாடி மேலேறும் காற்று ஓரங்களைக் குளிர்விக்கிறது. நடுவில் மட்டும் மெழுகு உருகித் தேங்குகிறது. மைக்கேல் ஃபாரடே 1860-61இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கு ஆற்றிய உரைகளில் இந்தக் கிண்ணத்தை வியந்து விளக்கினார். குடுவை மெழுகுவத்தியில் அந்த வேலையைக் கண்ணாடி ஏற்றுக்கொள்கிறது. அதனால் மெழுகு சுவர்வரை உருகியாக வேண்டும். உருகுமா என்பது திரியின் கையில் இருக்கிறது.

திரி மெலிந்தால் நடுவில் சுரங்கம் விழும். ஓர மெழுகு தொடப்படாமலே நிற்கும். தடித்தால் சுடர் உயர்ந்து ஆடும், கண்ணாடியில் கரி படியும், குடுவை கொதிக்கும். சரியான திரி, ஏழெட்டு சென்டிமீட்டர் அகலக் குடுவையில் மூன்று மணி நேரத்துக்குள் விளிம்பைத் தொட்டுவிடும். சோயா மெழுகு சுமார் 50 டிகிரியில் இளகும். தேன்மெழுகுக்கு 62 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆகவே அதே குடுவையில் தேன்மெழுகு ஊற்றினால் திரியும் ஒரு படி தடிக்க வேண்டும். 1825இல் பிரான்சின் காம்பாசெரே கொண்டுவந்த பின்னல் திரி எரியும்போதே வளைந்து, நுனி சுடரின் ஓரத்துக்குப் போய்ச் சாம்பலாகிவிடும். அதற்கு முன்பெல்லாம் கருகிய நுனியைக் கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றும் ஏற்றுமுன் 6 மில்லிமீட்டர் விட்டு நறுக்குவது நல்லது.

பழைய மெழுகை எடுப்பது சுலபம். ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் மெழுகு சுருங்கிக் கழன்று வரும். தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். கீறலோ விரிசலோ தெரிந்தால் அந்தக் குடுவைக்கு இனி நெருப்பு வேண்டாம். பேனாக்கள் போட்டு வைக்கலாம்.

200 மில்லி தண்ணீர் கொள்ளும் குடுவைக்குச் சுமார் 175 கிராம் மெழுகு போதும். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். திரியின் தகட்டை அடியில் ஒட்டி, துணிக் கிளிப்பால் நேராகப் பிடித்து, குடுவையை வெதுவெதுப்பாக்கி மெல்ல ஊற்ற வேண்டும். ஃபேன் காற்று படக் கூடாது. பாரஃபின் ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்குக் கொஞ்சம் மெழுகை மீத்து வைத்து இரண்டாம் முறை நிரப்ப வேண்டும். அந்த இரண்டாம் வார்ப்பில் மேற்பரப்பு வழவழவென்று இறுகும்போது வரும் நிறைவைக் கடையில் வாங்க முடியாது.

குடுவைக்குள் அப்படியே இறக்கும் ஆயத்த மெழுகுகளும் கிடைக்கின்றன. அளவு அச்சாகப் பொருந்தினால் மட்டுமே அவை நன்று. இடைவெளி இருந்தால் உருகிய மெழுகு சுடரடியில் தேங்காமல் அதில் வழிந்துவிடும். கையால் வார்ப்பதற்கே என் ஓட்டு. மெழுகு வாங்கும்போது திரியை மூன்று தடிமனில் வாங்குங்கள். உங்கள் குடுவைக்கு எது பொருந்தும் என்பதை ஏற்றிப் பார்த்துத்தான் அறிய முடியும்.