வடிகட்டிய பிறகு நடக்கும் சோதனை

அமெரிக்காவில் ஆபனா ஈ.ஆர். என்ற பெயரில் விற்ற ஆக்ஸிமார்ஃபோன் மாத்திரையைப் பற்றிய சோதனை முடிவு ஒன்று 2007-இல் வெளியானது. எடுத்துக்கொண்ட நோய் நாட்பட்ட இடுப்புவலி. அதுவரை ஓபியாய்டு எனும் மார்ஃபின் வகை வலி மருந்துக்குப் பழகாத 325 பேர் சேர்ந்தார்கள். முதலில் எல்லோருக்கும் அந்த மருந்தையே கொடுத்து, அளவைப் படிப்படியாக ஏற்றினார்கள். பக்கவிளைவு தாங்காதவர்களும் பலன் தெரியாதவர்களும் வேறு காரணங்களால் விலகியவர்களும் போக 205 பேர் மிஞ்சினார்கள். அந்த 205 பேரைத்தான் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மற்றதற்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். 12 வாரம் கழித்து மருந்துப் பிரிவில் வலி குறைவாக இருந்தது. மருந்து வென்றது.

நீடித்து வெளிவிடும் ஓபியாய்டுகளை நாட்பட்ட வலிக்கு ஒப்புதல் பெற வைத்த சோதனைகளில் பல இந்த அச்சில் வார்த்தவை. சேர்பவர்களை வடிகட்டிச் செறிவூட்டி, பிறகு குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரிடமிருந்து மருந்தை விலக்கிப் பார்க்கும் முறை. நம் ஊரில் சில தனியார் பள்ளிகள் தேறாத பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டும். அந்தத் தேர்ச்சி பொய்யில்லை; ஆனால் அதைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு வேண்டிய கணக்கு அதில் இல்லை.

முறையை மோசடி என்று தள்ளிவிட முடியாது. அது ஓபியாய்டுக் கம்பெனிகள் கண்டுபிடித்ததும் அல்ல. 1975-இல் ஏமரி, டோனி என்ற இருவர் இதை முன்மொழிந்தபோது அவர்கள் மனத்தில் இருந்தது நெஞ்சுவலி நோயாளிகள். வலியில் துடிப்பவரை நீண்ட நாள் வெற்று மாத்திரையில் வைத்திருக்கக் கூடாது என்ற அறம்தான் அதன் அடிப்படை. குறைந்த எண்ணிக்கையில் நோயாளிகள் போதும் என்பது இன்னொரு வசதி. மருத்துவரும் நடைமுறையில் இதைத்தானே செய்கிறார்? கொடுத்துப் பார்க்கிறார், ஒத்துக்கொண்டால் தொடர்கிறார், இல்லையேல் நிறுத்துகிறார். ‘ஒத்துக்கொண்டவருக்கு மேலும் தொடர்வதால் பயன் உண்டா’ என்ற கேள்விக்கு இதைவிடக் கச்சிதமான சோதனை வடிவம் இல்லை.

சிக்கல், மருந்தின் உறையில் அச்சாகும் வாசகம் அந்தக் கேள்விக்கான பதிலாக இல்லை என்பதுதான். ‘இம்மருந்து நாட்பட்ட வலிக்கு’ என்று அது பொதுவாகப் பேசுகிறது. வடிகட்டலில் விழுந்த 120 பேரைப் போன்ற ஒருவர் அதை வாசித்தால், தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பார்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு, அது ஓபியாய்டு போன்ற மருந்துகளுக்கு உரியது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும். அது நோய் திரும்புவதன் அடையாளம். ஓபியாய்டை நிறுத்தினால் உடம்பு வலிக்கும், தூக்கம் கெடும், பதற்றம் வரும், வயிறு கலங்கும். அது பழைய இடுப்புவலியா, மருந்து விலகியதால் புதிதாக வந்த வலியா? வலி எவ்வளவு என்று பூஜ்யத்துக்கும் பத்துக்கும் இடையே ஓர் எண்ணைக் கேட்கும் படிவத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆகவே வெற்று மாத்திரைப் பிரிவு என்பது ‘மருந்தில்லாத மனிதர்’ அல்ல, ‘மருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கும் மனிதர்’. அளவைப் படிப்படியாகக் குறைத்து இதைச் சமாளிக்கிறோம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓரளவு உண்மை. ஆனால் யாருக்கு எந்த மாத்திரை என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத இரட்டை மறைப்பு என்ற காப்பும் இங்கே நைந்துபோகிறது. வாரக்கணக்கில் மலச்சிக்கலோடும் மந்தத்தோடும் இருந்தவருக்குத் திடீரென அவை நீங்கினால், கையில் இருப்பது வெற்று மாத்திரை என்று ஊகிக்க மருத்துவப் படிப்பு வேண்டாம்.

ஸோஹைட்ரோ என்ற ஹைட்ரோகோடோன் காப்ஸ்யூல் இதன் உச்சம். சோதனையில் சேர்ந்த 510 பேரும் ஏற்கெனவே ஓபியாய்டு எடுத்து வந்தவர்கள். குலுக்கல் வரை வந்தவர்கள் 302 பேர். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு 2012 டிசம்பரில் 11-க்கு 2 என்ற கணக்கில் ஒப்புதல் வேண்டாம் என்றது. 2013 அக்டோபரில் ஒப்புதல் வந்துவிட்டது.

எதிர்த்தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. ஃபர்லானும் குழுவினரும் 2011-இல் இந்த முறைச் சோதனைகளையும் வழக்கமான சோதனைகளையும் ஒப்பிட்டார்கள். பலன் விஷயத்தில் முறை பெரிய சாய்வை உண்டாக்கவில்லை, ஆனால் பக்கவிளைவுகளைக் குறைத்துக் காட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. என் பார்வையில் இது முறைக்குக் கிடைத்த விடுதலைத் தீர்ப்பு அல்ல. ஓபியாய்டில் விவாதமே பக்கவிளைவைப் பற்றியதுதானே? தாங்காதவர்களை வாசலிலேயே அனுப்பிவிட்ட பிறகு எடுக்கும் பக்கவிளைவுக் கணக்கை எதற்குப் பயன்படுத்துவது?

இனி கால அளவு. பெரும்பாலான சோதனைகள் 12 வாரம். நோயாளிகள் மருந்து எடுப்பதோ ஆண்டுக்கணக்கில். 1995-இல் ஒப்புதல் பெற்ற ஆக்ஸிகான்டினின் மூட்டுவலிச் சோதனை வேறு வடிவம்தான், ஆனால் இரண்டே வாரம். 2018-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு 96 சோதனைகளை, 26,000-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வெற்று மாத்திரையை விட ஓபியாய்டு வலியைக் குறைத்தது, பத்து சென்டிமீட்டர் அளவுகோலில் சராசரியாக 0.69 சென்டிமீட்டர். நோயாளி உணரத்தக்க மாற்றத்துக்கு ஒரு சென்டிமீட்டராவது வேண்டும் என்பது அந்த ஆய்வே வைத்த வரம்பு.

நீண்ட காலச் சோதனை நடைமுறைக்கு ஒத்துவராது, வலியில் இருப்பவர்கள் ஓராண்டு தங்கமாட்டார்கள் என்பது பழைய வாதம். மினியாபொலிஸ் முன்னாள் படைவீரர் மருத்துவ நிலையங்களில் நடந்து, அதே 2018-இல் முடிவு வெளியான ஸ்பேஸ் சோதனை அந்த வாதத்தை முடித்துவைத்தது. இடுப்புவலி அல்லது மூட்டுத் தேய்மானம் உள்ள 240 பேரை வடிகட்டலின்றி முதலிலேயே குலுக்கிப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஓபியாய்டு வரிசை, மறு பிரிவுக்குப் பாராசிட்டமால் முதலான மற்ற வலி மருந்துகளின் வரிசை என்று 12 மாதம் கொடுத்தார்கள். அன்றாட வேலை செய்யும் திறனில் வேறுபாடு இல்லை. வலி, ஓபியாய்டு பிரிவில் 4.0, மறு பிரிவில் 3.5. பக்கவிளைவு ஓபியாய்டு பிரிவில் கூடுதல். இதிலும் குறை உண்டு: பெரும்பாலோர் ஆண்கள், எந்த மருந்து என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் வலுவான மருந்து கிடைத்திருக்கிறது என்ற நம்பிக்கை முடிவை ஓபியாய்டு பக்கமே சாய்த்திருக்க வேண்டும். அப்படியும் அது வெல்லவில்லை.

2013-இல் எஃப்.டி.ஏ. நீடித்து வெளிவிடும் ஓபியாய்டுகளைத் தயாரிக்கும் கம்பெனிகளிடம் நீண்ட காலச் சான்று கேட்டது. பத்தாண்டு கழித்து 2023 ஏப்ரலில் ஆலோசனைக் குழுவின் முன் விவாதத்துக்கு வந்த சோதனைத் திட்டத்தின் வடிவம் மறுபடியும் அதே வடிகட்டல் முறை. அலுப்பாக இருக்கிறது.

இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. நம் மருந்துக் கடைகளில் டேபென்டடால் எஸ்.ஆர். மாத்திரை இருக்கிறது. சர்க்கரை நோயால் பாதம் எரிபவர்களிடம் நடந்த அதன் முக்கியச் சோதனை ஒன்றில் 588 பேர் மருந்தைத் தொடங்கி, 395 பேர்தான் குலுக்கலுக்கு வந்தார்கள். புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் மார்ஃபின் கிடைக்காமல் துடிப்பவர்கள் நிறைந்த நாடு இது. அந்த வலிக்கு ஓபியாய்டு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தேய்ந்த மூட்டுக்கும் எரியும் பாதத்துக்கும் மாதக்கணக்கில் எழுதும் சீட்டைப் பற்றியதுதான் இந்த விமர்சனம்.

வடிகட்டல் முறையைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், ஒப்புதலுக்கான முதல் சான்றாக ஏற்கக் கூடாது. குலுக்கலுக்கு முன் விழுந்தவர்களின் எண்ணிக்கையும் காரணமும் மருந்து உறையிலேயே அச்சாக வேண்டும். ஏற்கெனவே இம்மருந்தை எடுத்து வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளையே நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்துவதன் ஆபத்தை எஃப்.டி.ஏ.யே 2019-இல் எச்சரித்திருக்கிறது. மருத்துவரிடம் பேசி, மெல்ல மெல்லக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.